அறுவடைக்கு முன் தோற்றவர்

அறுபதுகளில் வளர்ந்த என் தலைமுறையின் நினைவில் சி. சுப்பிரமணியத்துக்குக் கிடைத்திருப்பது கசப்பான இடம். காமராஜர் என்றால் பள்ளிக்கூடமும் மதிய உணவும் நினைவுக்கு வரும். அண்ணா என்றால் மேடைத் தமிழும் 1967 தேர்தலும். சி.எஸ். என்றதும் மனத்தில் எழுவது ரேஷன் கடை வரிசை, அரிசித் தட்டுப்பாடு, கப்பலில் வந்த அமெரிக்கக் கோதுமை, மைலோ சோளம். அந்த நினைவில் பொய் எதுவும் இல்லை. 1964 ஜூன் முதல் 1967 மார்ச் வரை நாட்டின் உணவு அமைச்சர் அவர். அந்தக் காலத்தில் மக்கள் அரைவயிற்றோடு கிடந்ததும் உண்மை. ஆனால் அதே முப்பத்துச் சொச்சம் மாதங்களில் அவர் எடுத்த முடிவுகளின் பலன் அவர் பதவியிழந்த பிறகு விளைந்தது. விளைந்தபோது அவருடைய பெயரோடு அதைச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. பசுமைப் புரட்சி என்றதும் விதையைப் பேசுகிறோம், விஞ்ஞானிகளைப் பேசுகிறோம். அந்த விதை வயலுக்குப் போகும்படி விலையையும் நிறுவனங்களையும் அதிகாரத்தையும் மாற்றி அமைத்த அரசியல் வேலையைப் பேசுவதில்லை. சி.எஸ்ஸை மதிப்பிட வேண்டிய இடம் அந்த அரசியல் வேலைதான் என்பது என் கட்சி. அதில் அவருடைய பெருமையும் இருக்கிறது, அவர் பதில் சொல்ல வேண்டிய குறைகளும் இருக்கின்றன.

1910 ஜனவரி 30 அன்று பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் சட்டம் படித்துக் கோவையில் வக்கீல் தொழில் பார்த்தார், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார், அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். 1952 முதல் 1962 வரை பத்தாண்டு சென்னை மாகாண அமைச்சர். முதலில் ராஜாஜியிடம், பிறகு காமராஜரிடம். இந்த மாற்றம் நடந்த விதம் கவனிக்கத்தக்கது. 1954இல் ராஜாஜி விலகியதும் சட்டமன்றக் கட்சித் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்துப் போட்டியிட்டவர் சி.எஸ். காமராஜருக்கு 93 வாக்குகள், இவருக்கு 41. வென்றவர் தோற்றவரை அழைத்து அமைச்சராக்கினார். தோற்றவர் மனக்கசப்பில்லாமல் எட்டாண்டு அவருக்குக் கீழே உழைத்தார். ராஜாஜி கொண்டுவந்த, தமிழ்நாடே குலக்கல்வி என்று எதிர்த்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கைவிடுவதாக 1954 மே மாதம் அறிவித்த கல்வி அமைச்சரும் அவர்தான். ராஜாஜி அமைச்சரவையில் இருந்தவர் என்ற வகையில் அந்தத் திட்டத்தின் பொறுப்பில் அவருக்கும் பங்குண்டு. அதை விட்டுவிட்டு, அதன் பிறகு நடந்த கல்விப் பரவலில் மட்டும் பெயர் கொடுப்பது சரியாகாது. ஆனால் ஒரு கொள்கை தோற்றது என்று தெரிந்தபின் அதைப் பிடித்துத் தொங்காத குணம் அப்போதே அவரிடம் தெரிகிறது. டெல்லியில் அது பெரிதாக உதவியது.

1962இல் மக்களவைக்குப் போனதும் நேரு அவருக்கு உருக்குத் துறையைக் கொடுத்தார். அன்றைய டெல்லியில் உருக்குதான் நாட்டின் எதிர்காலம். விவசாயம் தானாக நடக்கும் காரியம். 1964 ஜூனில் சாஸ்திரி பிரதமரானதும் சி.எஸ்ஸுக்கு உணவும் வேளாண்மையும் வந்தன. உணவு அமைச்சகம் என்றாலே ஒருவருடைய அரசியல் பெயர் கெட்டு முடியும் இடம் என்று பேசப்பட்ட காலம் அது. அதற்குக் காரணமும் இருந்தது. பெருகிவரும் மக்கள்தொகைக்கு ஈடாக விளைச்சல் இல்லை. மிச்சத்தை அமெரிக்காவின் பி.எல். 480 சட்டத்தின்கீழ் வந்த தானியம் நிரப்பியது. அது ரூபாயில் விலை கொடுத்து வாங்கக்கூடிய தானியம் என்பதால் டாலர் செலவு இல்லை. அதனாலேயே அரசுக்கு அவசரமும் இல்லை. நகரத்துத் தொழிலாளிக்கு மலிவு விலையில் சோறு கிடைத்தால் தொழில் வளரும் என்பது திட்டக்குழுவின் கணக்கு. அந்த மலிவுக்கு விலை கொடுத்தவன் உள்நாட்டு விவசாயி. இறக்குமதித் தானியம் சந்தை விலையை அமுக்கி வைத்திருக்கும்போது அவன் எதை நம்பிக் கூடுதலாக உரம் போடுவான்? கிணறு வெட்டக் கடன் வாங்குவான்?

சி.எஸ். மற்ற அமைச்சர்களிடமிருந்து விலகி நின்றது இந்தக் கேள்வியில்தான். அதுவரை டெல்லியில் ஓங்கியிருந்த பேச்சு, விவசாயி பழைமைவாதி, அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பது. சமுதாய மேம்பாட்டுத் திட்டமும் கூட்டுறவும் நிலச் சீர்திருத்தமும் மருந்தாகச் சொல்லப்பட்டன. கொங்கு நாட்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்த சி.எஸ்ஸுக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. கட்டுபடியாகும் விலையும் விளைச்சலைப் பெருக்கும் நுட்பமும் சேர்ந்து கிடைத்தால் எந்த விவசாயியும் தயங்க மாட்டான் என்பது அவருடைய நிலைப்பாடு. எல்.கே. ஜா தலைமையிலான குழு 1964இல் விலைகளை ஆராய்ந்தது. 1965 ஜனவரியில் வேளாண் விலை ஆணையம் எம்.எல். தந்த்வாலாவின் தலைமையில் அமைந்தது. அதே மாதம் இந்திய உணவுக் கழகம் செயல்படத் தொடங்கியது. அதன் முதல் தலைமையகம் சென்னையில், முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். ஆணையமும் கழகமும் ஒன்றையொன்று சார்ந்தவை. விலையை ஓர் அமைப்பு சொல்லும். சந்தை அதற்குக் கீழே போனால் இன்னோர் அமைப்பு வாங்கிக்கொள்ளும். புதிய விதை இந்தியாவுக்குள் பெரிய அளவில் வருவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே இந்த ஏற்பாடு தயாராகிவிட்டது. இந்த வரிசையை மறந்துவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் புரியாது.

இதை நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி கடுமையாக எதிர்த்தார். தானிய விலையை உயர்த்தினால் கூலி உயரும், கூலி உயர்ந்தால் தொழிற்சாலைப் பொருளின் விலை உயரும், திட்டமே குலையும் என்பது அவருடைய வாதம். அர்த்தமற்ற வாதம் என்று தள்ளிவிட முடியாது. அதோடு, உரத்துக்கும் விதைக்கும் அந்நியச் செலாவணி வேண்டும். அது கஜானாவில் இல்லை. திட்டக்குழுவும் தயங்கியது. இடதுசாரிகள் நிலச் சீர்திருத்தம் இல்லாத வேளாண் வளர்ச்சி பணக்காரனுக்கே போகும் என்றார்கள். இத்தனை எதிர்ப்புக்கும் நடுவே மாநில அமைச்சர்களிடமும் நாடாளுமன்றத்திலும் சலிக்காமல் பேசி, தன்னோடு பி. சிவராமன் என்ற உறுதியான வேளாண்மைச் செயலரை நிறுத்திக்கொண்டு, சாஸ்திரியின் துணையோடு அமைச்சரவையில் ஒப்புதல் வாங்கினார். டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது புதிய கோதுமையைப் பயிரிட்டுக் காட்டினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அது விளம்பரம்தான்; ஆனால் சந்தேகப்படுகிற சக அமைச்சருக்கும் பத்திரிகைக்காரருக்கும் முன்னால் வைத்த சாட்சியும்கூட.

விஞ்ஞானிகளின் புகழை அரசியல்வாதிக்கு அள்ளிக் கொடுக்கிறேன் என்று ஒரு மறுப்பு எழும். நியாயமான மறுப்பு. மெக்சிகோவில் குட்டை ரகக் கோதுமையை உருவாக்கியவர் நார்மன் போர்லாக். அதை இந்திய மண்ணில் சோதித்து, இங்கே பலன் தரும் என்று வாதாடியவர் எம்.எஸ். சுவாமிநாதன். அவர்கள் இல்லையென்றால் சி.எஸ்ஸிடம் கொடுக்க எதுவும் இருந்திருக்காது. ஆனால் சோதனைத் திடலில் ஒரு ரகம் வெற்றி பெறுவது வேறு, லட்சக்கணக்கான ஏக்கரில் அது விளைவது வேறு. நடுவில் இருக்கும் தூரத்தைக் கடக்க அதிகாரம் வேண்டும். வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமையில் அதுவரை நிர்வாக அதிகாரிகள் இருந்தார்கள். 1965இல் அந்த இடத்துக்கு பி.பி. பால் என்ற விஞ்ஞானி வந்தார். சிதறிக் கிடந்த ஆராய்ச்சி நிலையங்கள் கவுன்சிலின்கீழ் வந்தன. விவசாயிகளின் சொந்த வயலிலேயே செயல்விளக்கத் திடல்கள் அமைக்கப் பணம் ஒதுக்கப்பட்டது. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் லெர்மா ரோஜோ, சோனாரா விதைகளை வாங்க அனுமதித்தது மிகத் துணிச்சலான முடிவு. அந்த அளவுக்கு விதையை ஒரு நாடு ஒரே சமயத்தில் வாங்கியதற்கு அதுவரை முன்மாதிரி கிடையாது. துரு நோய் வந்திருந்தால், மண் ஏற்காமல் போயிருந்தால், விஞ்ஞானிக்கு ஓர் ஆய்வு தோற்றிருக்கும். அமைச்சருக்கு அரசியல் வாழ்க்கையே முடிந்திருக்கும். அந்தப் பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

இன்னொரு மறுப்பு கூர்மையானது: இதெல்லாம் அமெரிக்கா கழுத்தில் கைவைத்துச் செய்ய வைத்தது என்பது. 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் செயலர் ஆர்வில் ஃப்ரீமேனும் சி.எஸ்ஸும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வேளாண்மைக்குக் கூடுதல் முதலீடு, உரத் தொழிலில் தனியார் முதலீட்டுக்கு வழிவிடுதல் ஆகியவை அதில் இருந்தன. அது அப்போது வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. அதிபர் ஜான்சன் தானியக் கப்பல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகவே விடுவித்து, வியட்நாம் பற்றி டெல்லி பேசுவதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார். ஒரு நாட்டின் சோற்றை வைத்து நடத்தப்பட்ட அந்த நெருக்குதலை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. உடன்பாட்டை மக்களிடமிருந்து மறைத்ததும் ஜனநாயகத்துக்கு அழகல்ல. இருந்தும் தேதிகளைப் பார்க்க வேண்டும். விலை ஆணையமும் உணவுக் கழகமும் 1965 ஜனவரியில் வந்தன. நான்காவது திட்டத்துக்கான புதிய வேளாண் உத்தியை அவருடைய அமைச்சகம் அதே ஆண்டு ஆகஸ்டில் எழுதி முடித்துவிட்டது. ரோம் அதற்குப் பிறகு. அமெரிக்க நெருக்குதல் உரக் கொள்கையில் உண்மையான விட்டுக்கொடுப்பை வாங்கியது. ஆனால் திட்டத்தின் எலும்புக்கூடு இங்கே ஏற்கெனவே தயாராக இருந்தது. டெல்லிக்குள் தன்னை எதிர்த்தவர்களைச் சம்மதிக்க வைக்க வெளிநாட்டு நெருக்கடியை சி.எஸ். பயன்படுத்திக்கொண்டார் என்று சொன்னால் அது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

இதற்கிடையே 1965 ஜனவரியில் தமிழ்நாடு கொந்தளித்தது. இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், தீக்குளிப்புகளும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. பிப்ரவரி 11 அன்று சி.எஸ்ஸும் ஓ.வி. அழகேசனும் மத்திய அமைச்சரவையிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார்கள். அன்றே சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்றார், விலகல்கள் ஏற்கப்படவில்லை. 1967இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டதற்கு முதன்மைக் காரணம் தெருவில் நின்ற மாணவர்கள்தான். ஆனால் காங்கிரஸ் அரசுக்குள்ளிருந்து பதவியைத் துறக்கத் தயாராகக் கடிதம் நீட்டியவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் மேடைகளில் அந்தப் பெயர்கள் ஏறுவதில்லை.

பிறகு வானம் பொய்த்தது. 1964–65இல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் அடுத்த ஆண்டு 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. அதற்கடுத்த ஆண்டும் மழை ஏமாற்றியது, பீகாரில் பஞ்சம் வந்தது. 1966இல் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதியானது. தமிழ்நாட்டில் அரிசி வரிசை நீண்டது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியோடு திராவிட முன்னேற்றக் கழகம் தேர்தலுக்கு வந்தது. 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜர் தோற்றார், சி.எஸ்ஸும் தோற்றார், அதுவும் தன் சொந்தக் கொங்கு மண்ணில். அந்தத் தீர்ப்பை நான் தவறென்று சொல்ல மாட்டேன். பசித்தவனுக்கு நாளைய விளைச்சலைக் காட்டி இன்றைய வாக்கைக் கேட்க முடியாது. அடுத்த ஆண்டு, 1968 ஏப்ரலில், வடக்கே கோதுமை குவிந்தது. இரண்டாண்டு முன்பு சுமார் 1.04 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1.65 கோடி டன்னைத் தொட்டது. கிடங்கு போதாமல் பள்ளிக்கூடங்களில் மூட்டை அடுக்கினார்கள். ஜூலையில் இந்திரா காந்தி கோதுமைப் புரட்சிக்குத் தபால்தலை வெளியிட்டார். அப்போது வேளாண் அமைச்சர் ஜகஜீவன் ராம். சி.எஸ். நாடாளுமன்றத்தில்கூட இல்லை.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு அந்த விளைச்சலின் விளைவுகளைப் பற்றியது. பஞ்சாபில் நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போனது, மண் உரத்துக்கு அடிமையானது, பருப்பும் மானாவாரிப் பயிர்களும் கைவிடப்பட்ட பிள்ளைகளாயின. இதில் எதையும் மறுக்க முடியாது. சி.எஸ்ஸின் உத்தி வேண்டுமென்றே நீர்வளமுள்ள பகுதிகளைத் தேர்ந்தெடுத்தது, 1970–71க்குள் 3.25 கோடி ஏக்கரில் வீரிய ரகங்கள் என்பது அதன் இலக்கு. பஞ்ச காலத்தில் இருக்கும் கொஞ்ச உரத்தை எங்கே போட்டால் உடனே தானியம் கிடைக்கும் என்பதே கேள்வியாக இருந்தது, அந்தக் கேள்விக்கு அது சரியான விடை. பஞ்சம் தீர்ந்த பிறகும் அதே விடையைப் பத்தாண்டு, இருபதாண்டு, ஐம்பதாண்டு பிடித்துக்கொண்டவர்கள் பின்னால் வந்த அரசுகள். இலவச மின்சாரமும், நெல்லையும் கோதுமையையும் மட்டுமே கொள்முதல் செய்யும் பழக்கமும் அவர்கள் வளர்த்தவை. மண்ணையும் நீரையும் சுரண்டினால் கேடு வரும் என்று சுவாமிநாதன் 1968 ஜனவரியிலேயே அறிவியல் மாநாட்டில் எச்சரித்திருந்தார். காலத்தே அதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் சமத்துவம் பற்றிய குற்றச்சாட்டில் சி.எஸ்ஸைத் தப்பவிட எனக்கு மனமில்லை. விலை உயர்ந்தால் நிலம் உள்ளவனுக்கு லாபம். கூலிக்காரனுக்கு என்ன என்ற கேள்வியை இடதுசாரிகள் அன்றே கேட்டார்கள். அதற்கு அவருடைய உத்தியில் விடை இல்லை. ஆடுதுறை 27 ரகம் குறுவையில் பரவிய தஞ்சைச் சீமையில், விளைச்சலில் தன் பங்கைக் கேட்ட விவசாயத் தொழிலாளிக்கும் மிராசுதாருக்கும் இடையே மோதல் முற்றியது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 தலித் உயிர்கள் ஒரு குடிசையில் எரிக்கப்பட்டன. அதற்கு விதை காரணமல்ல. சாதியும் நில உடைமையும் கொலைகாரர்களும் காரணம். ஆனால் புதிய செல்வம் பழைய அநீதியின்மேல் போய் விழும்போது என்ன ஆகும் என்று யோசிக்காத திட்டம் முழுமையான திட்டமல்ல. நிலச் சீர்திருத்தத்துக்குக் காத்திருந்தால் பஞ்சத்தில் லட்சங்கள் மாண்டிருப்பார்கள் என்பது சி.எஸ். தரப்பின் பதில். அந்தப் பதிலை ஏற்கிறேன். காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டையும் சேர்த்தே தொடங்கியிருக்கலாம் என்பதுதான் என் குறை.

1971இல் கிருஷ்ணகிரியிலிருந்து மக்களவைக்குத் திரும்பினார். திட்டம், தொழில் வளர்ச்சி, 1974 முதல் நிதி என்று பொறுப்புகள் வந்தன. 1975 காந்தி பிறந்த நாளில் வட்டார ஊரக வங்கிகள் தொடங்கின. சிறு விவசாயிக்கும் கைவினைஞருக்கும் கடன் போய்ச் சேர வேண்டும் என்ற அந்த ஏற்பாடு, அறுபதுகளில் அவர் விட்ட குறையைத் தொட முயன்றது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது பிறந்த காலம் நெருக்கடிநிலை. அதற்கு ஒப்புதல் கொடுத்த அமைச்சரவையில் சி.எஸ். இருந்தார், விலகவில்லை. 1976 ஜனவரி கடைசி நாளில் தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டபோதும் விலகவில்லை. வங்கியும் வருவாயும் அவருடைய கையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிப்பொறுப்புள்ள இணையமைச்சராகப் பிரணாப் முகர்ஜியிடம் போனபோதும் இருந்தார். இந்தித் திணிப்பின்போது 1965இல் விலகல் கடிதம் கொடுத்தவர், நாடு முழுவதும் வாயடைக்கப்பட்ட இருபத்தொரு மாதங்களும் நாற்காலியில் இருந்தார் என்பதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை. உள்ளிருந்து கெடுதலைக் குறைத்தார் என்று அவருடைய அன்பர்கள் சொல்வதுண்டு. குறைந்த கெடுதல் என்ன என்று அவர்களால் காட்ட முடிந்ததில்லை. அவருடைய நீண்ட வாழ்க்கையில் ஆறாத வடு அதுதான்.

அதற்குப் பின் இந்திராவிடமிருந்து பிரிந்தார், 1979இல் சரண்சிங் அரசில் சில மாதம் பாதுகாப்பு அமைச்சரானார். 1990இல் மகாராஷ்டிர ஆளுநர். பிரதமர் நரசிம்ம ராவைப் பற்றித் தனிப் பேச்சில் சொன்ன விமர்சனம் பத்திரிகையில் வந்ததும் 1993இல் பதவியைத் துறந்தார். 1998இல் பாரத ரத்னா. 2000 நவம்பர் 7 அன்று மறைந்தார்.

2020 குளிர்காலத்தில் டெல்லி எல்லையில் டிராக்டர்களோடு வந்து உட்கார்ந்த பஞ்சாப், ஹரியானா விவசாயிகள், மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறக் கேட்டதோடு, குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்டப் பாதுகாப்பும் கேட்டார்கள். 1965 ஜனவரியில் சி.எஸ். அமைத்த விலை ஆணையம் அரசுக்குப் பரிந்துரை மட்டுமே செய்யும். அதற்குச் சட்ட பலம் கொடுக்கப்படவில்லை. பெயரும் அமைப்பும் மாறிய பிறகும் அது அப்படியே இருக்கிறது. எந்தப் பயிருக்கு, எந்த மாநிலத்தில், எவ்வளவு வாங்குவது என்பது அன்றிலிருந்து இன்றுவரை ஆள்வோர் விருப்பம். ஆகவே பஞ்சாபின் கோதுமைக்கு விலை உறுதி. தர்மபுரியின் துவரைக்குப் பெரும்பாலும் சந்தை சொல்வதே விலை. அந்த விவசாயிகளில் பெரும்பாலோர் சி. சுப்பிரமணியம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அவர்கள் காக்க வந்தது அவர் கட்டியதை. சேர்க்கக் கேட்டது அவர் கட்டாமல் விட்டதை.